ரீவொர்க் சாரும் வழுக்கி விழுந்த முருகேசனும்

ஒரு காரியத்தை ஒரே தடவையில் செய்து முடித்த பழிக்கு ஆளாகாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் சுங்குவார்சத்திரத்தில், என் மெஸ்ஸில், சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவரை எல்லாரும் ரீவொர்க் சார் என்பார்கள். கார்களுக்குள் போகும் வயர்க் கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. லைனில் வரும் கட்டில் ஒரு வயர் இடம் மாறியிருந்தால் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். ஓரமாக இருக்கும் ஒரு மேஜைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் அதைப் பிரித்து மறுபடி கட்டுவார். அந்த மேஜைக்கு ரீவொர்க் என்று பெயர். அதில் உட்கார்ந்திருந்தவர் இவர். பகல் முழுக்கப் பிரித்துக் கட்டிய கை, சாயங்காலம் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை.

மெஸ்ஸுக்குள் நுழையும்போது "வணக்கம்ணே" என்பார். சட்டி பானைச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. வெளியே போய், செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி, உள்ளே வந்து "வணக்கம்ணே" என்பார். புதிதாகச் சாப்பிட வந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, இவுக ரெட்டைப் பிள்ளையளா?"

டீ கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுவருவார்.

"நல்லா இல்லியா சார்?"

"நல்லாருக்குண்ணே. இன்னொருக்கா போட்டா இன்னும் நல்லா வரும்."

முடிதிருத்தும் கடையில் இவருக்கு இரண்டு காது ஓரமும் சமமாக வரவேண்டும். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று சொல்லி, கடைசியில் கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாராம். "சார், ரீவொர்க் பண்ணணும்னா முடி வேணும் சார். போய் வளத்துகினு வா."

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. பின்தெருவில் ஒரு பெரியவர் காலமானார். ரீவொர்க் சார் துக்கம் விசாரிக்கப் போனவர், பதற்றத்தில் பெரியவரின் மனைவியிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டார். சட்டென்று எழுந்து வெளியே போனார். தெரு முனைவரை நடந்து, திரும்பி வந்து, புதிதாக வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு துக்கம் விசாரித்தார். அந்த அம்மாவும் மறுபடி ஒருமுறை அழுதார்கள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை நன்றாக இருந்தது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் செல்வியை இங்கிலீஷ் படிக்க விட்டேன். வேறு வழியில்லை.

செல்வி அப்போது ஐந்தாவது முடிக்கிற சமயம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாவதில் இங்கிலீஷ் மீடியம் பிரிவு இருந்தது. ஒரு படத்தைக் காட்டுவார்கள், அதைப் பற்றிப் பிள்ளை தனியாக உட்கார்ந்து இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதினால் இடம். நான் ஐந்தாவதோடு நின்றவன். அவள் நிற்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. ஆனால் அவள் என்னைப் போல. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். "உன் பொண்ணு உன்ன மாரியே கீறா. ரெண்டு பேரையும் வெச்சிகினு நான் செவுத்துகிட்டதான் பேசணும்" என்பாள் என் மனைவி.

ரீவொர்க் சாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒருநாள் ரசம் ஊற்றினேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததில் ஊற்றுவதை நிறுத்த மறந்துவிட்டேன். ரசம் இலையைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, அவர் மடிக்குப் போனது.

"என்னண்ணே, ஏதோ கேக்கணுமா?"

"பொண்ணுக்கு... இங்கிலீஷு..."

"அனுப்புங்க. ஆனா ஒத்தப் பிள்ளை வேணாம். மூணு பேர் வேணும்."

மூன்று பேர் கிடைத்தார்கள். மூவருக்கும் அதே பள்ளிக்கூடம், அதே பரீட்சைதான் குறி. செல்வி ஒருத்தி. லைன் சூப்பர்வைசர் குமாரின் மகன் தினேஷ் இன்னொருவன். அவன் தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் அம்மாவே சொல்வார். மூன்றாவது முத்துமாரி. பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கும் பேச்சியம்மாளின் மகள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு ஆரம்பிப்பதற்கு நடுவில் மெஸ் காலியாக இருக்கும். அங்கேதான் ஞாயிறுதோறும் வகுப்பு. முதல் நாள் கம்பெனியில் கழற்றிப் போட்ட ஒரு பாதுகாப்பு போஸ்டரைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். தரையில் எண்ணெய் கொட்டிக் கிடக்கும். ஒருவன் வழுக்கி அந்தரத்தில் இருப்பான். அவன் கையிலிருந்த பெட்டி அவனுக்கும் மேலே பறக்கும். பக்கத்தில் ஒருவன் வாயைப் பிளந்து நிற்பான். தள்ளி, வெள்ளைச் சட்டை போட்ட சூப்பர்வைசர் தலையில் கை வைத்திருப்பார்.

"இந்தப் படத்தோட கதையை மூணு பேரும் சேர்ந்து இங்கிலீஷ்ல எழுதணும். ஒரே தாள், ஒரே பென்சில். பென்சில் வெச்சிருக்கிறவங்க சொந்தமா எழுதக் கூடாது. மத்த ரெண்டு பேர் சொல்றதைத்தான் எழுதணும். தெரியாத வார்த்தையை என்கிட்ட கேக்கலாம்."

செல்வி பாய்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். பென்சில் கையில் இருந்தால் பேச வேண்டாம் அல்லவா! அப்பா புத்தி.

அன்று எழுதியது நாலு வரி. செல்வியிடம் கேட்டுத் தமிழில் சொல்கிறேன்: இது ஒரு மனிதன். எண்ணெய். மனிதன் விழுகிறான். பெட்டி பெரிது. அதற்கே தினேஷ் ஒவ்வொரு வார்த்தைக்கும் சாரிடம் ஓடினான். முத்துமாரி ரோட்டில் போகிற கம்பெனி பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சார் தாளை வாங்கிப் படித்தார். "நல்லாருக்கு. ரீவொர்க்" என்றார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதில் பஜ்ஜி மடித்தேன். என் மகளின் முதல் இங்கிலீஷை ஒரு லாரி டிரைவர் எண்ணெய் ஒற்றித் தின்றார்.

அடுத்த ஞாயிறு வேறு படம் வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதே போஸ்டர். அதே ஆள் அந்தரத்தில்.

"சார், இது போன வாரம் எழுதுனது" என்றான் தினேஷ்.

"ஆமா. இன்னொருக்கா. முதல்லேர்ந்து."

இந்தத் தடவை எண்ணெய்க்கும் பெட்டிக்கும் யாரும் சாரிடம் ஓடவில்லை. அந்த வார்த்தைகள்தான் தெரியுமே. மிச்ச நேரத்தில் முத்துமாரிக்கு ஒரு கேள்வி வந்தது. "விழுதவருக்குப் பேரு வேண்டாமா?" தன் மாமன் பெயரை வைத்தாள். அந்தரத்தில் இருந்தவன் முருகேசன் ஆனான். அவன் ஏன் கீழே பார்க்காமல் நடந்தான்? பெட்டி மறைத்தது. பெட்டியில் என்ன? அதற்கு ஒரு சண்டை. தாள் பாதிக்கு மேல் நிறைந்தது.

"நல்லாருக்கு. ரீவொர்க்."

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தினேஷ் சத்தமாகச் சொன்னான்: "எண்ணெயைக் கொட்டுனது இந்த வாயப் பொளந்துகினு நிக்கிறவன்தான். எழுது செல்வி."

பென்சில் சத்தம் கேட்கவில்லை.

"எழுது செல்வி!"

"தப்பு" என்று ஒரு குரல் கேட்டது.

எனக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். செல்வி! பென்சிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய நின்றிருந்தாள். "அவன் கொட்டியிருந்தா ஏன் வாயப் பொளக்கணும்? அவனுக்குத்தான் தெரியுமே! கொட்டுனது அந்த சூப்பர்வைசர். அதான் தலைல கை வெச்சிகினு கீறாரு."

"எங்கப்பா சூப்பர்வைசர்! சூப்பர்வைசர்லாம் கொட்ட மாட்டாங்க!"

"ஏலே, ரெண்டு பேரும் சும்மா இருங்க. பாவம், அந்தச் சூப்பர்வைசரு நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்காம வந்திருப்பாரு, தெரியாமக் கொட்டிட்டாரு" என்றாள் முத்துமாரி.

"தமிழ்ல சண்டை போட்டா தாள்ல ஏறாது. இங்கிலீஷ்ல போடுங்க" என்றார் சார்.

போட்டார்கள். பாதி இங்கிலீஷ், பாதி கை. தெரியாத வார்த்தைக்குச் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முத்துமாரியும் அவள் பக்கம் சேர்ந்ததால் செல்வி ஜெயித்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "பேசுறாய்யா! நம்ம பொண்ணு சண்டை போடுறாய்யா!" என்று எல்லாருக்கும் கேசரி கிண்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தினேஷ் வீட்டில் போய் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். "ப்பா, எண்ணெயைக் கொட்டுனது சூப்பர்வைசர்தான்னு இங்கிலீஷ்ல எழுதிட்டோம்ப்பா. சார் நல்லாருக்குன்னு சொன்னாரு. எங்களுது இந்த வாரமும் ரீவொர்க்."

அடுத்த நாள் குமார் கம்பெனிச் சட்டையோடு மெஸ்ஸுக்குள் வந்தார்.

"எங்க உங்க சாரு? இன்னாய்யா நெனச்சிகினு கீறாரு? என் லைன்ல ஒரு பீஸ் ரீவொர்க் போச்சுன்னா மேனேஜர் என்னை நிக்க வெச்சி கேள்வி கேக்குறான். இவரு என் பையனையே வாராவாரம் ரீவொர்க்ல போடுறாரா? என் பையன் இன்னா ரிஜெக்ட் பீஸா? கம்பெனிலதான் மானம் போவுதுன்னா வூட்லயுமா?"

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். லைனில் நிற்கிற எந்த அப்பனும் அதை மகனின் வாயால் கேட்கத் தாங்கமாட்டான். ரீவொர்க் சாருக்கு மட்டும்தான் அது மரியாதையான சொல். அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

"அப்படி இல்ல சார். ரீவொர்க்குங்கிறது வந்து... பீஸ்ல தப்பு இருக்கறதால..."

"பாத்தியா! தப்புன்றாரு!"

"இல்ல, சரியாச் சொல்லல. இருங்க." வெளியே போனார். செருப்பு மாட்டினார். கழற்றினார். உள்ளே வந்தார். "வணக்கம் சார். ரீவொர்க்குங்கிறது..."

"இன்னா, நக்கலா?" என்று குமார் பெஞ்சைத் தட்டினார். "ஸ்ரீபெரும்புதூர்ல புதுசா டியூஷன் சென்டர் தொறந்துகீறான். டை கட்டி வுடுறான். டெய்லி புதுப் பாடம். இங்க இன்னா, ஒரே ஆளு வாராவாரம் வழுக்கி வுழுந்துகினே கீறான்! தினேஷை இனிமே அனுப்ப மாட்டேன்."

போய்விட்டார். ரீவொர்க் சார் மறுபடி வெளியே போய் உள்ளே வந்து, மிக அழகாக, திருத்தமாகச் சொன்னார்: "தூக்கிப் போடுற பீஸை ரீவொர்க்குக்கு அனுப்ப மாட்டாங்க சார். நல்லா வரும்னு நம்புற பீஸைத்தான் அனுப்புவாங்க." அதைக் கேட்க நானும் சாம்பார் வாளியும்தான் இருந்தோம்.

அடுத்த ஞாயிறு செல்வியும் முத்துமாரியும் மட்டும் உட்கார்ந்தார்கள். முத்துமாரி சொன்னதையெல்லாம் செல்வி எழுதினாள். மறுத்துப் பேசவில்லை. முத்துமாரி யார் மேலும் பழி போடாத பெண். சண்டை போட அங்கே ஒன்றும் இல்லை. என் மகளின் வாய் தினேஷ் சொல்கிற தப்புக்குத்தான் திறக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வகுப்பு முடிந்ததும் அவள் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். பரீட்சையோ பக்கத்தில் வந்துவிட்டது.

"குமார் சாரைப் போய்ப் பாருங்கண்ணே" என்றார் ரீவொர்க் சார். "நான் போனா அவருக்கு இன்னும் கோவம் வரும்."

போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வீடு. குமார் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

திரும்பி வந்துவிட்டேன். ரீவொர்க் சார் முகம் மலர்ந்தது. "நல்ல ஆரம்பம்ணே! வாசல் வரைக்கும் போயிட்டீங்க. இப்ப வழி தெரிஞ்சுபோச்சு. இன்னொருக்கா."

இந்தத் தடவை தனியாக யோசிக்க விடவில்லை. பேச்சியம்மாளையும் கூப்பிட்டார். மூவரும் உட்கார்ந்து என்ன பேசுவது என்று கட்டினோம். நான் எதுவும் சொல்லாததால், பென்சில் இல்லாமலே செல்வியின் இடம் எனக்குக் கிடைத்தது.

"அண்ணாச்சி, போன உடனே விசயத்துக்குப் போவாதீக. பிள்ளை சொகமா இருக்கானான்னு முதல்ல கேளுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

போய்க் கேட்டேன். "நல்லாகீறான். டை கட்டிகினு போறான் பாரு" என்றார் குமார். தினேஷ் உள்ளேயிருந்து டையோடு வந்து நின்றான். கழுத்தில் கயிறு கட்டிய கன்றுக்குட்டி போல இருந்தான். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

"டையை ஏன் பாராட்டுனீங்க?" என்று சார் தலையில் கை வைத்தார். நிஜமாகவே அந்தப் போஸ்டர் சூப்பர்வைசர் மாதிரி இருந்தார். "சரி, பரவால்ல. இந்தத் தடவை பேச்சு நடந்திருக்கு. அடுத்து என்ன சொல்லலாம்?"

பேச்சியம்மாள் ஒன்று சொன்னாள், சார் ஒன்று சொன்னார். இரண்டும் எனக்குப் பொய்யாகப் பட்டன. "உங்கள் பையன் புத்திசாலி" என்று ஆரம்பிக்கச் சொன்னார் சார். என்னையறியாமல் என் வாயிலிருந்து வந்தது: "அது தப்பு சார்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அப்போ எது சரி? சொல்லுங்கண்ணே." சொன்னேன். "அதையே சொல்லுங்க" என்றார்கள்.

மறுபடி போனேன். இந்தத் தடவை பேச்சியம்மாளும் கூட வந்தாள். தெரு முனையில், லாரிக்குப் பின்னால், ரீவொர்க் சார் ஒளிந்து நின்றார். குமார் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"உம் பையன் தப்பாப் பேசினாத்தான் எம் பொண்ணு பேசுறா. அவன் இல்லாம அவளுக்கு வாய் இல்ல. அவனை அனுப்பு."

குமார் முகம் சிவந்தது. உள்ளே அவர் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. தினேஷ் டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தான்.

"நான் போறேன்ப்பா! அங்க யாரும் பேசவே வுட மாட்றாங்கப்பா. போர்டப் பாத்து எழுதிகினே இருக்கணும். இங்க செல்வி சூப்பர்வைசர் மேலதான் பழி போட்டுகினு கீறா. நான் போவலன்னா யாருப்பா கேப்பாங்க?"

குமார் யோசித்தார். ஒரு சூப்பர்வைசரின் மானம் என் மெஸ்ஸில் அனாதையாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அனுப்புறேன். ஆனா சூப்பர்வைசர் கொட்டுனாருன்னு எழுதக் கூடாது."

லாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "அதை அவங்க மூணு பேர்தான் சார் முடிவு பண்ணணும்!"

அடுத்த ஞாயிறு மெஸ்ஸில் நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. அப்பாவின் வழக்கை எடுத்துக்கொண்டு வந்த தினேஷ், அதற்கு வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் சாரிடம் கறந்துவிட்டான். செல்வி ஒவ்வொன்றையும் வெட்டினாள். பென்சில் மூன்று கைகளிலும் மாறி மாறிப் போனது. கடைசியில் முத்துமாரி சமாதானம் செய்துவைத்தாள்: மெஷின் பழசு, அதுவே ஒழுகியது. முருகேசன் எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டான், பிறகு படத்திலிருந்த மூன்று பேருமாகத் தரையைத் துடைத்தார்கள். தாளின் இரண்டு பக்கமும் போதவில்லை.

தினேஷ் போய்ச் சொன்னதும் குமார் தொடையில் தட்டினாராம். "அதான் நானும் கத்திகினு கீறேன்! மெயின்டனன்ஸ் சரியில்ல!"

பரீட்சை நாள் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகளையும் வேறுவேறு அறைகளில் உட்காரவைத்தார்கள். செல்விக்குக் கொடுத்த படத்தில் முருகேசன் இல்லை. ஒரு சந்தை. ஒரு மாடு தக்காளிக் கூடையில் வாய் வைத்திருந்தது. நான் வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். யாரும் சொல்லாமல் அவள் எப்படி எழுதுவாள்?

கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கம் திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்து முறைத்தாள். தலையை ஆட்டினாள். உதடு அசைந்தது. வலது பக்கம் திரும்பி எதையோ கேட்டுக்கொண்டாள். எழுத ஆரம்பித்தாள்.

தலைமை ஆசிரியை அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "யார்கூடம்மா பேசுற?"

"தினேஷ் கூட மிஸ். அவன் மாடுதான் திருடுச்சுங்கிறான் மிஸ்."

"அவன் எங்க?"

"பக்கத்து ரூம்ல எழுதுறான் மிஸ்."

ஒரு அந்நிய மனுஷியிடம் என் மகள் பேசினாள். அதற்கு மேல் அவர்கள் இடம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்கு ஆகிவிட்டது. கொடுத்தார்கள். முத்துமாரிக்கும் கொடுத்தார்கள். தினேஷ் மாட்டின் மேல் கோபத்தில் பாதியைத் தமிழில் எழுதிவிட்டதால், இரண்டு வாரம் கழித்து வந்து மறுபடி எழுதச் சொன்னார்கள். அந்த இரண்டு ஞாயிறும் குமாரே மகனை சைக்கிளில் வைத்து மெஸ்ஸில் கொண்டுவந்து விட்டார். அவனும் சேர்ந்தான்.

இடம் கிடைத்த அன்று, செல்வி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். "இதுல ரெண்டு பேர் வாக்குவாதம் பண்றாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமா இருக்கு. யார்கிட்ட படிச்சா?"

"ரீவொர்க் சார்கிட்டங்க."

"அது பேரா? அவர் சொந்தப் பேர் என்ன?"

அத்தனை நாள் சோறு போட்டவனுக்கு அது தெரியவில்லை.

அன்று இரவு அவர் சாப்பிட வந்தபோது கேட்டுவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். "செல்விக்குக் கிடைச்சிடுச்சு சார்" என்று மட்டும் வந்தது. அவர் சோற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெயரைக் கேட்பது எப்படி? உள்ளே போய் ஒரு ஆம்லெட் போட்டுக்கொண்டு வந்து இலையில் வைத்தேன். மறுநாளும் கேட்க நினைத்தேன். மறுநாளும் ஆம்லெட்தான். கொஞ்ச காலத்தில் கம்பெனி அவரை வடக்கே எங்கோ புதுக் கிளைக்கு மாற்றிவிட்டது.

செல்வி இப்போது ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசுகிற வேலையில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் நிறுத்துவதில்லை. நானும் இப்போது முன்னைப்போல இல்லை, ஆட்களிடம் பேசுகிறேன். இன்றைக்கு அவர் எதிரே வந்தால் பெயரைக் கேட்டுவிடுவேன். முதலில் ஆம்லெட்டை வைத்துவிட்டு.